ஒரு மீற்றர் தேம்ஸ் பார்ஜ்: கட்டுவதும் வாவியில் ஓட்டுவதும்

இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்றிலும் அதை ஒட்டிய கரையோரத்திலும் நூறாண்டுக்கு மேல் சரக்கு ஏற்றிய பாய்க்கப்பல்தான் தேம்ஸ் பார்ஜ். 24, 25 மீற்றர் நீளமான கப்பலை இரண்டே பேர் ஓட்டினார்கள். அடி தட்டை என்பதால் ஆழமில்லாத ஓடைக்குள்ளும் புகுந்துவிடும். நீர் வற்றினால் சரியாமல் சேற்றில் அப்படியே இருக்கும். பாய் செங்காவி நிறம். பாயை விரிப்பது பாய்மரத்தின் அடியிலிருந்து சாய்வாக மேலே போகும் ஒரு நீண்ட கழி, அதன் பெயர் ஸ்ப்ரிட். 1906இல் கட்டிய கம்ப்ரியா என்ற பார்ஜ் எஞ்சின் இல்லாமலே 1970 வரை சரக்கு ஏற்றியது. மட்டக்களப்பு வாவியின் மண்முனையில் பாலம் வருவதற்கு முன் ஓடிய பாதையையும் (ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கும் தட்டைப் படகு), குருமண்வெளித் துறையின் பாதையையும் பார்த்தவர்களுக்குத் தட்டையான அடியின் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

ரிமோட்டில் ஓடும் மாதிரிக் கப்பல் கட்டத் தொடங்குபவருக்கு இது நல்ல தெரிவு. அடியும் பக்கமும் பெரும்பாலும் தட்டைப் பலகை, வளைவு இரண்டு நுனியிலும்தான். உள்ளே இடம் தாராளம். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும்: கப்பலைச் சிறிதாக்கலாம், காற்றைச் சிறிதாக்க முடியாது.

1:24 அளவில் கட்டினால் பாயின் பரப்பு 576 மடங்கு குறைகிறது. எடையோ 13,824 மடங்கு குறைகிறது. காற்று அப்படியே இருக்கிறது. கணக்குப் பார்த்தால், ஒரே காற்றில் மாதிரி அசலைவிட 24 மடங்கு இலகுவாகச் சரியும். அசலில் இல்லாத அடிக்கீல் (அடியிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும், ஈயம் பூட்டிய பலகை), பெரிதாக்கிய சுக்கான், தண்ணீர் புகாத மூடி எல்லாம் இந்த ஒரு காரணத்தால்தான். அசலில் இல்லையே என்று கீலைத் தவிர்ப்பவரின் கப்பல் முதல் காற்றிலேயே கவிழும்.

அளவும் வகையும்

1:24 எடுங்கள். இதைவிடச் சிறிய மாதிரி சின்ன அலைக்கே தத்தளிக்கும். இதைவிடப் பெரியதை ஒருவர் தனியே தூக்குவது சிரமம். பாயில் ஸ்டம்பி என்ற வகையைத் தெரிவு செய்யுங்கள். அதில் உச்சிப்பாய் இல்லை, பாய்மரமும் கட்டை. கச்சான் காற்று அடிக்கும் ஊரில் முதற்கப்பலுக்கு உச்சிப்பாய் வேண்டாம். கைபழகிய பிறகு இரண்டாவது கப்பலில் வைக்கலாம்.

கீழே உள்ள அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தி வருபவை. ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் பார்க்க வேண்டும்.

உடல் நீளம் 1016 மி.மீ., அகலம் 250 மி.மீ., நடுவில் பக்க உயரம் 90 மி.மீ. தண்ணீருக்குள் 50 மி.மீ. அமிழ வேண்டும். அப்போது மொத்த எடை ஏறக்குறைய 9.3 கிலோ. பாய்மரம் அணிய (கப்பலின் முன்பக்க) நுனியிலிருந்து 305 மி.மீ. தள்ளி, தட்டுக்கு (மேல்தளத்துக்கு) மேல் 500 மி.மீ. உயரம். ஸ்ப்ரிட் 720 மி.மீ. பெரிய பாய், முன்பாய், பின்பாய் மூன்றும் சேர்ந்து 0.29 சதுர மீற்றர் அளவில் வரும்.

உடல்

சட்டங்களுக்கு 6 மி.மீ. பிளைவுட், அடிக்கு 4 மி.மீ., பக்கங்களுக்கு 3 மி.மீ. மரைன் பிளைவுட் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சாதாரணப் பிளைவுட்டில் ஒரு துண்டை வெட்டி ஒரு மணித்தியாலம் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். மடிப்புப் பிரிந்தால் அந்தப் பலகையை வாங்க வேண்டாம். வெளியே எவ்வளவு பைபர் பூசினாலும் உள்ளே ஊறிப் பிரியும்.

கப்பலைத் தலைகீழாகத்தான் கட்ட வேண்டும். வளையாத பழைய கதவுப்பலகை ஒன்றில் நடுக்கோடு கீறி, 100 மி.மீ.க்கு ஒன்றாக 9 சட்டங்களைச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் நடுக்கோட்டை முன்கூட்டியே கீறியிருக்க வேண்டும். அணியத்திலிருந்து பின்பலகை வரை நூல் பிடித்துப் பார்த்தால் எல்லாச் சட்டத்தின் கோடும் நூலில் விழ வேண்டும். இங்கே 2 மி.மீ. முறுக்கு இருந்தால் ஓடும்போது கப்பல் எந்நேரமும் ஒரு பக்கம் இழுக்கும். அதைப் பிறகு திருத்த வழியே இல்லை. ஆகவே ஒரு பின்னேரம் முழுக்க இதற்கே போனாலும் பரவாயில்லை.

சட்டங்களின் கீழ் மூலைகளில் 10×10 மி.மீ. சலாகை, மேல் ஓரத்தில் 8×8 மி.மீ. சலாகை. ஒட்டுவதற்கு எப்பொக்சி. பிறகு பக்கப் பலகைகள், அதன்பின் அடிப்பலகை. அடியின் கடைசி 250 மி.மீ. மெல்ல மேலெழுந்து பின்பலகையோடு சேர வேண்டும். இதை முழுத் தட்டையாக விட்டால் பின்னால் தண்ணீர் சுழித்து, சுக்கான் பிடிக்காது.

அதிகம் உடைவது அணியம்தான். பார்ஜின் அணியம் மழுங்கலாக வளைவது; 3 மி.மீ. பலகை அந்த வளைவுக்கு வராது, வெடிக்கும். இரண்டு வழி உண்டு. பலகையின் முன் 200 மி.மீ. பகுதியில் துணி சுற்றி, கொதிநீர் ஊற்றி ஊற்றி மெல்ல வளைத்து, இரவு முழுக்கக் கட்டிவைத்து, காய்ந்த பிறகு ஒட்டுவது ஒன்று. மற்றது, முதற்சட்டத்துக்கு முன்னால் இலவம் போன்ற இலேசான மரக்கட்டையை ஒட்டி, உளியாலும் அரத்தாலும் வடிவம் எடுப்பது. புதியவருக்கு இரண்டாவதுதான் எளிது. பக்கப் பலகை கட்டையோடு சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத படி விரலுக்குத் தெரியும்.

பைபர்

பைபர் படகு செய்யும் இடங்களில் ரெசினும் ஹாட்னரும் வாங்கலாம். படகுக்கு அவர்கள் போடும் தடித்த மெற் வேண்டாம், மாதிரிக்குப் பாரம் கூடிவிடும். சதுர மீற்றருக்கு 100 முதல் 160 கிராம் உள்ள மெல்லிய நெசவுத்துணி ஒரு படை வெளியே போதும். உள்ளே துணி இல்லாமல் ரெசின் மட்டும் இரண்டு தடவை பூசுங்கள். மூலை முடுக்கு எதையும் விட வேண்டாம்.

100 கிராம் ரெசினுக்கு ஹாட்னர் 1 முதல் 2 கிராம். நம்மூர் மதிய வெயிலில் 1 கிராமே தாராளம். கூடினால் பூசி முடிப்பதற்குள் கோப்பையிலேயே கெட்டியாகிச் சூடேறும். ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம். காலையில் 9 மணிக்குள் பூசுவது நல்லது. மாரியில், கார்த்திகை மார்கழி ஈரத்தில், இந்த வேலையைத் தொட வேண்டாம். பலகை ஈரமாக இருந்தால் துணி சில மாதத்தில் தோல் மாதிரி உரிந்து வரும்.

ஒரு கடும் எச்சரிக்கை. சில இடங்களில் ரெசினோடு ஊதா நிறக் கோபால்ட் திரவத்தைத் தனியாகத் தருவார்கள். அதையும் ஹாட்னரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, தீப்பிடித்து வெடிக்கும். கோபால்டை முதலில் ரெசினோடு நன்றாகக் கலக்கி, அதன்பிறகுதான் ஹாட்னர். ஹாட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் போத்தலைத் திறக்காதீர்கள்.

கீலும் ஈயமும்

6 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி, 120 மி.மீ. அகலமும் 250 மி.மீ. ஆழமுமாக ஒரு துடுப்புப்பலகை செய்யுங்கள். ஒட்டுவதற்கு முன் இரண்டு துண்டுக்கும் நடுவே காடி வெட்டி, துருப்பிடிக்காத 5 மி.மீ. மரைக்கம்பி இரண்டை 80 மி.மீ. இடைவெளியில் 180 மி.மீ. ஆழத்துக்குப் பதித்துவிட வேண்டும். முன் ஓரம் பின்னோக்கிச் சரிந்திருக்கட்டும். நேராக இருந்தால் வாவிச் சல்லு (நீர்ச்செடி) முழுக்க அதில்தான் சுற்றிக்கொள்ளும்.

ஈயத்தை உருக்கத் தேவையில்லை. உருக்குவது புகையால் உடம்புக்குக் கெடுதி. வலைச்சாமான் கடையில் சிறிய ஈயக்குண்டு 2 கிலோ வாங்கி, 1 அங்குல பீவீசீ குழாயில் நிறைத்து, ரெசின் ஊற்றுங்கள். ஏறத்தாழ 45 செ.மீ. குழாய் வேண்டும். இரண்டு நுனியிலும் மரக்கூம்பு. இதைத் துடுப்புப்பலகையின் அடியில் காடி வெட்டிப் பதித்து, பைபரால் சுற்றிக் கட்டினால் கீல் முடிந்தது. பழைய கார் பெற்றரியை உடைத்து ஈயம் எடுக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம்.

கப்பலின் அடியில், நடுக்கோட்டில், 4 பித்தளைக் குழாய்களைச் செங்குத்தாகப் பதியுங்கள். முதலாவதிலிருந்து 25, 80, 105 மி.மீ. தூரத்தில் மற்ற மூன்றும் வர வேண்டும். மரைக்கம்பிகள் இவற்றினூடாக மேலே வந்து, மூடிக்குக் கீழே பட்டாம்பூச்சி நட்டால் இறுகும். குழாய்களின் மேல்நுனி நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால் தண்ணீர் உள்ளே வராது. நான்கு குழாய் எதற்கு என்றால், கீலை 25 மி.மீ. முன்னும் பின்னும் மாற்ற. ஓட்டிப் பார்த்த பிறகு இதன் தேவை தெரியும். கீலின் நடு, அணிய நுனியிலிருந்து 460 மி.மீ.இல் ஒரு நிலை, 485 மி.மீ.இல் மறு நிலை.

தட்டு, சுக்கான், தொங்கும் பலகை

தட்டுக்கு 3 மி.மீ. பிளைவுட். பெரிய மூடியின் வாய் 300×130 மி.மீ., சுற்றிவர 12 மி.மீ. உயர விளிம்பு. மூடி அந்த விளிம்புக்கு வெளியே கவிழ்ந்து உட்கார வேண்டும்; இடையில் பஞ்சு நாடா ஒட்டி வசலின் பூசுங்கள். கப்பல் 18 பாகை சரிந்தாலே தட்டின் ஓரம் தண்ணீருக்குள் போய்விடும். வாவியில் அது அடிக்கடி நடக்கும். ஆகவே மூடி மழைநீரைத் தடுத்தால் போதாது, முழுகினாலும் தாங்க வேண்டும்.

சுக்கான் தண்டுக்கு 5 மி.மீ. பித்தளைக் கம்பி, அதற்குப் பித்தளைக் குழாய், உள்ளே கிரீஸ். 1:24 அளவுக்கே செய்த சுக்கான் மாதிரியில் போதாது. அதன் அடியில் 30 மி.மீ. தெளிவான பிளாஸ்ரிக் தகடு ஒன்றைக் கழற்றக்கூடியதாகப் பூட்டுங்கள். தண்ணீரில் அது தெரியாது. இரு பக்கமும் 35 பாகைக்கு மேல் திரும்ப விட வேண்டாம், அதற்கு மேல் அது திருப்பாமல் தடுக்கும்.

அசல் பார்ஜில் கீல் இல்லை. பக்கவாட்டில் நழுவாமல் பிடித்தவை இரு பக்கமும் தொங்கும் பெரிய பலகைகள். மாதிரியில் அந்த வேலையைக் கீல் செய்கிறது. ஆனாலும் அவை இல்லாவிட்டால் அது பார்ஜ் அல்ல. 4 மி.மீ. பிளைவுட்டில், 200 மி.மீ. நீளம், அடி அகலம் 85 மி.மீ., விசிறி வடிவம். முன்நுனியில் ஒரு திருகாணி, நைலோன் வளையம். முதலில் கையால் ஏற்றி இறக்கினால் போதும். மூன்றாவது சேர்வோ (ரிமோட் சொல்லும் அளவுக்குத் திரும்பும் சிறு மோட்டர்) வைத்து ரிமோட்டில் இறக்குவதைப் பிறகு செய்யலாம்.

பாய்மரமும் பாயும்

நேரான நார் உள்ள மரத்தில் 16 மி.மீ. உருளை எடுத்து, மேலே 11 மி.மீ. ஆகும்படி சீவுங்கள். ஸ்ப்ரிட் நடுவில் 11 மி.மீ., நுனிகளில் 7 மி.மீ. பாய்மரத்தின் அடியை தட்டின்மேல் ஒரு மூன்றுபக்கப் பெட்டியில் ஊசியாணி போட்டு, பின்பக்கமாகச் சாயும்படி வையுங்கள். அசல் பார்ஜும் லண்டன் பாலங்களுக்குக் கீழே போக மரத்தை இப்படித்தான் சாய்த்தது. உங்களுக்கு இது ஓட்டோவில் கொண்டுபோக உதவும்.

பாய்க்கு மெல்லிய பொப்லின். வெட்டுவதற்கு முன் துவைத்துக் காயவையுங்கள், பருத்தி சுருங்கும். துணியின் நீள இழை பாயின் பின் ஓரத்துக்குச் சமாந்தரமாக ஓட வேண்டும். குறுக்கே வெட்டினால் அந்த ஓரம் இழுபட்டுத் தொங்கிப் படபடக்கும். அசலில் செங்காவி, மீனெண்ணெய், கடல்நீர் கலந்து பூசினார்கள். அதைப் பின்பற்ற வேண்டாம், பாரமும் நாற்றமும்தான் மிச்சம். செம்மண் நிறத் துணியாகவே வாங்குங்கள்.

பெரிய பாயின் அளவு: பாய்மர ஓரம் 400, கீழோரம் 380 மி.மீ. அதன் மேல்மூலை ஸ்ப்ரிட் நுனியில் கட்டப்படும். அந்த நுனி தட்டிலிருந்து ஏறக்குறைய 670 மி.மீ. உயரத்திலும் பாய்மரத்துக்கு 410 மி.மீ. பின்னாலும் வரும். கீழே கழி கிடையாது. முன்பாய் முக்கோணம்: அடி 270, உயரம் 430 மி.மீ.

முன்பாய்க்குச் சேர்வோ தேவையில்லை. பாய்மரத்துக்கு முன்னால் தட்டின் குறுக்கே 3 மி.மீ. பித்தளைக் கம்பியை வளைத்துப் பதித்து, அதில் ஒரு வளையம் ஓட விடுங்கள். பாய்க்கயிறு அந்த வளையத்தில் கட்டப்பட்டால் கப்பல் திரும்பும்போது பாய் தானாகவே மறுபக்கம் போகும். அசலிலும் இப்படித்தான். பின்பாய்க்கும் சேர்வோ வேண்டாம்: அதன் கயிற்றைச் சுக்கானின் பின் ஓரத்தில் கட்டினால் சுக்கான் திரும்பும்போது பாயும் கூடப் போய், அணியத்தைக் காற்றுக்கு நேரே திருப்ப உதவும். இதுவும் அசலில் இருந்து வந்ததுதான். இரண்டே பேர் எப்படி இவ்வளவு பெரிய கப்பலை ஓட்டினார்கள் என்பது இந்த இரண்டு கயிற்றையும் கட்டும்போதுதான் விளங்கும்.

ரிமோட்டும் பெரிய பாயின் கயிறும்

2.4 கிகாஹேர்ட்ஸ், 6 சனல் ரிமோட் ஒன்று போதும். ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போன்றது நல்ல தொடக்கம். சுக்கானுக்குச் சாதாரண சேர்வோ. பாய்க்கு 10 கிலோ-செ.மீ. வலுவுள்ள, உலோகப் பற்சில்லுச் சேர்வோ. காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின் இழுவை நான்கு மடங்காகும் என்பதால், கரையில் இலேசாக இழுக்கும் சிறிய சேர்வோ வாவியில் பல் உடைந்து போகும்.

பாய்ச் சேர்வோவில் 100 மி.மீ. கை ஒன்றைப் பூட்டுங்கள். 90 பாகை திரும்பினால் அதன் நுனி 141 மி.மீ. நகரும். பாயை நன்றாகத் திறக்க இது காணாது. ஆகவே கையின் நுனியில் சிறு கப்பி ஒன்று வைத்து (தையல் மெஷின் பொபின் போதும்), கயிற்றின் ஒரு நுனியை உடலுக்குள் நிலையாகக் கட்டி, கப்பியைச் சுற்றிக் கொண்டுவந்து தட்டினூடாக வெளியே எடுங்கள். இப்போது கயிறு 282 மி.மீ. ஓடும். 380 மி.மீ. கீழோரம் உள்ள பாய் 10 பாகையிலிருந்து ஏறக்குறைய 54 பாகை வரை திறக்க அது போதும்.

புதியவர்கள் மறப்பது ஸ்ப்ரிட்டின் மேல்நுனியை. அது சும்மா விடப்பட்டால் கீழே பாயை எவ்வளவு இழுத்தாலும் மேலே அது காற்றோடு விலகிப்போய்விடும், கப்பல் காற்றுக்கு எதிராக ஏறாது. அந்த நுனியிலிருந்து இரு பக்கத் தட்டுக்கும் இரண்டு கயிறு இறங்க வேண்டும். இரண்டையும் உள்ளே ஒன்றாக முடிந்து, அதே சேர்வோக் கையில் 40 மி.மீ. தூரத்துத் துளையில் கட்டுங்கள். பாயை இழுக்கும்போது இவையும் இறுகும், விடும்போது இவையும் தளரும். ஸ்ப்ரிட் போதிய அளவு வெளியே போகாவிட்டால் துளையை வெளியே மாற்றுங்கள். கையில் 30 மி.மீ. முதல் 60 மி.மீ. வரை வரிசையாகத் துளை போட்டுவைத்தால் இது சில நிமிட வேலை.

கயிற்றுக்குத் தங்கூசி வேண்டாம். அது சுருண்டு நிற்கும், முடிச்சு வழுக்கும். மீன்பிடிக் கடையில் நெய்த நூல் கேளுங்கள்.

றிசீவரைத் தட்டின் அடிப்பக்கத்தில், நீர்மட்டத்துக்கு மேலே ஒட்டுங்கள், தண்ணீர் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை விழுங்கிவிடும். இரண்டு அன்ரெனா இருந்தால் ஒன்றுக்கொன்று 90 பாகையில் வையுங்கள். சிக்னல் அறுந்தால் பாய் தளர்ந்து விடும்படி ஃபெயில்சேஃப் அமையுங்கள். பெற்றரிக்கு ரீசார்ஜ் செய்யும் ஏஏ கலம் 5, அதாவது 6 வோல்ட், 2000 எம்ஏஎச். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

எடை சரிபார்த்தல்

நீர்மட்டக் கோட்டை உடலில் கீறி, கீலைப் பூட்டி, கப்பலை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குங்கள். பெரும்பாலும் உடல் 3 கிலோ, கீல் 2.4, பாயும் மரமும் 0.5, ரிமோட் சாமான் 0.5 என்று வரும். மீதி ஏறக்குறைய 2.9 கிலோவுக்குத் தட்டை இரும்பு அல்லது ஈயத்தை அடிப்பலகையில், கீல் குழாய்களின் இரு பக்கமும் வைத்து, மட்டம் சரியான பிறகு சிலிக்கனால் ஒட்டுங்கள். ஒட்டாமல் விட்டால் கப்பல் சரியும்போது பாரமும் அந்தப் பக்கம் வழுக்கும், பிறகு அது நிமிராது. உப்பு ஏறிய வாவித் தண்ணீரில் கப்பல் கிணற்றுத் தண்ணீரைவிட 1 மி.மீ. அளவுதான் உயரும், அதைக் கணக்கெடுக்க வேண்டாம்.

தண்ணீரில்

பங்குனி, சித்திரையில் கடற்காற்று இலேசாக வரும் நேரம் பழக நல்லது. கச்சான் காலத்தில் காலை வெள்ளெனவே ஓட்டி முடியுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். வாவியில் வெள்ளை நுரை தெரிந்தால் கப்பலை இறக்க வேண்டாம்.

கீலோடு சேர்த்து 45 செ.மீ. ஆழமாவது வேண்டும். முழங்கால் ஆழம் வரை நடந்து இறக்க வேண்டிவரும், ஆகவே இடம் தெரிந்து தெரிவு செய்யுங்கள். வாவியிலும் உன்னிச்சை, இறக்காமம் போன்ற குளங்களிலும் முதலை உண்டு. ஊர்ச்சனம் குளிக்கும் துறை எது, இறங்காத இடம் எது என்று மீனவரிடம் கேட்டுவிட்டே காலை வையுங்கள். கட்டுவலைக்கும் ஆற்றுவாழைக்கும் காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக நின்று ஓட்டாதீர்கள். கப்பல் நின்றால் காற்று அதை உங்களிடம் கொண்டுவர வேண்டும், வலைக்குள் அல்ல. கரையை நோக்கி வீசும் காற்றில், காற்றை எதிர்கொண்டு நின்று ஓட்டுவதே சரி.

முதல் ஓட்டத்தில் பக்கவாட்டுக் காற்றில் போய் வருவதோடு நிறுத்துங்கள். சுக்கானை நேராக வைத்தும் கப்பல் காற்றை நோக்கியே திரும்பிக்கொண்டிருந்தால் கீலைப் பின்குழாய்களுக்கு மாற்றுங்கள். காற்றை விட்டு விலகியே போனால் முன்குழாய்களுக்கு. கீலைப் பின்னால் மாற்றியும் காற்றை நோக்கித் திரும்புவது நிற்காவிட்டால் பின்பாயைச் சிறிதாக்கிப் பாருங்கள்.

பார்ஜ் காற்றுக்கு எதிராக மறுபக்கம் திரும்பச் சோம்பும். வேகம் இல்லாமல் சுக்கானை முழுதாகத் திருப்பினால் நடுவில் நின்று பின்னோக்கி நகரத் தொடங்கும். முதலில் பாயைச் சற்றுத் தளர்த்தி வேகம் எடுக்க விட்டு, பிறகு சுக்கானைப் படிப்படியாகத் திருப்புங்கள். நின்றுவிட்டால் பாயைத் தளர்த்தி, பின்னோக்கி நகரும்போது சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பினால் அணியம் காற்றிலிருந்து விலகும். இடம் தாராளமாக இருந்தால் காற்றுக்கு முதுகு காட்டிச் சுற்றி வருவதே எளிது. ஆனால் அப்போது பெரிய பாய் வேகமாக மறுபக்கம் பாயும், திரும்பும் முன் கயிற்றை இழுத்துவிடுங்கள்.

கரைக்கு வந்ததும் கிணற்றுத் தண்ணீரால் கழுவுங்கள். பட்டாம்பூச்சி நட்டையும் சுக்கான் தண்டையும் துடைத்துக் கிரீஸ் போடுங்கள். மூடியைத் திறந்தே வைத்துக் காயவிடுங்கள். உள்ளே கரண்டியளவு தண்ணீர் இருந்தாலும் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது சுக்கான் குழாயின் மேல்நுனியாகத்தான் இருக்கும். குழாயை 10 மி.மீ. உயர்த்தினால் நின்றுவிடும்.